வரத்துக்கால் முதலில், ஆழப்படுத்துவது பிறகு: வறட்சி ஆயத்தம் குறித்து எங்கள் நிலைப்பாடு

இந்தக் கோடையின் மராமத்து வேலையிலும் கண்மாய் உள்வாயை ஆழப்படுத்துவதற்கே முதலிடம் என்று சொல்லப்பட்டிருப்பதால், நாட்டரசன்கோட்டைச் சுற்றுவட்டாரக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தினராகிய நாங்கள் எங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. வண்டல் அள்ளுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. நிதியும் இயந்திரமும் முதலில் போகவேண்டிய இடம் வரத்துக்கால் என்கிறோம். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதும், அதே ஆண்டு குடிமராமத்து திரும்ப வந்ததும், அதன் வேலைச் செலவில் விவசாயிகள் பங்காக 10 சதவீதம் கேட்கப்பட்டதும் உறுப்பினர்கள் அறிந்தவை.

நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நல்ல மழை ஆண்டில் சற்று அடைபட்ட கால் வழியாகவும் வெள்ளம் வந்து சேரும். மழை குறைந்த ஆண்டில் கிடைப்பதே இரண்டு மூன்று கனமழைதான். அந்தத் தண்ணீர் வழியில் நின்றால் அங்கேயே சுவறிப் போகும். வறட்சியைத் தாங்குவதா இல்லையா என்பது கண்மாயின் ஆழத்தில் இல்லை, அந்தச் சில மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. கிணறு ஊறும், மாடு குடிக்கும் என்பது உண்மை, அதை மதிக்கிறோம். ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் தண்ணீர் வரத்துக்கால் வழியாகத்தானே வரவேண்டும்? ஆழப்படுத்தினால் மண் வெளியே போகிறது, அளக்க முடிகிறது, பில் போட முடிகிறது. வரத்துக்காலைச் சீரமைத்தால் யாரோ ஒருவரின் வரப்பைத் தொடவேண்டியிருக்கிறது. வரிசை தலைகீழானதற்கு இதைவிட வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. காலின் குறுக்கே முழங்கால் உயர வரப்பு ஒன்று, சாலைக்கு அடியில் மண் மூடிய குழாய் ஒன்று, இடையில் ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலம்: கீழே உள்ள ஊர் முழுவதும் தரிசாக இவ்வளவு போதும். இதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு மார்கழியில் வந்து பயிர்ச்சேதம் கணக்கெடுப்பதை நிவாரணம் என்று எங்களால் ஏற்க முடியாது.

ஆக்கிரமித்தவர்களில் சிறு விவசாயிகளும், நம் உறுப்பினர்களும்கூட இருக்கிறார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனவே அளந்து கல் நட்டு, உரிய அவகாசம் அளித்து, இயன்றவரை பேசித் தீர்த்து அகற்ற வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. அவகாசம் என்பது பருவமழை வரை இழுத்தடிப்பது அல்ல. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்காக வந்தது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஒரே காலின் மேல்பாதிக்கு ஒரு துறை, கீழ்பாதிக்கு இன்னொரு துறை என்று விவசாயியை அலையவிடுவது இனியும் நடக்கக் கூடாது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கும் எங்கள் பதில் இதுவே: காவிரித் தண்ணீரே வந்தாலும் தூர்ந்த கால் வழியாகக் கண்மாய்க்குள் நுழையாது.

குறுகிய கால நெல்லும், கோடை உழவும், பயிர்க் காப்பீடும் தேவையே. பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 விதை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். மீன் குத்தகைக்காக மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது. வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் ஊராட்சி ஒன்றியமும் சேர்ந்து ஆடி முடிவதற்குள் வரத்துக்கால்களை அளந்து காட்ட வேண்டும். புரட்டாசிக்குள் அடைப்புகளை நீக்க வேண்டும். காலுக்குள் வரப்பு வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் அளவீடு முடிந்ததும் தாங்களே முதலில் வெட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.