இளைப்புக் குழந்தைக்கு இன்னுமா சிரப்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் ஒன்றியத்தில் வழக்கம்போல் மழைக்காலச் சிறப்பு மருத்துவ முகாம் நடந்தது. அரசு மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். இளைப்போடு வந்த பால்வாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வைத்தியம். ஒருமுறை 'மிஷின்' (நெபுலைசர்) வைத்துவிட்டு, சால்பியூட்டமால் சிரப் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதே மருந்தின் இன்ஹேலர் பக்கத்து மேசையில் இருந்தது, பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு அதை வைக்கத் தேவையான, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் மாஸ்க்கும் சப்ளையில் இல்லையாம். ஏன் என்று கேட்டேன். "சின்னக் குழந்தைக்கு எதுக்கு சார் அதெல்லாம், சிரப்பே போதும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கண்டிக்கவே இதை எழுதுகிறேன்.

மருந்தாளுநருக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். அந்த சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அரைத் தேக்கரண்டி சிரப் குடித்த குழந்தை பத்து அழுத்தல் அளவு மருந்தை விழுங்குகிறது. அது வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மூச்சுக்குழாய்க்கு வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். அதோடு பிள்ளைக்குக் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், ராத்திரி தூக்கம் போகலாம். மூச்சோடு போகும் மருந்து சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். இளைப்புக்கு இந்த மருந்தைக் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டி நெறிகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சால்பியூட்டமால், புடசோனைடு இன்ஹேலர்கள் இருக்கின்றன. ஸ்பேசர் இல்லாத இடத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்த இன்ஹேலர் இருந்தும் இல்லாததுதான். அழுத்தும் நொடியில் சரியாக மூச்சிழுக்க அந்த வயதுக்குத் தெரியாது. மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும்.

மிஷின்தான் உசத்தி என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டும் இல்லை, நம் ஊழியர்களிடமும் இருக்கிறது. சத்தம் வருகிறது, புகை வருகிறது, பெரிய வைத்தியம் நடப்பதுபோல் தெரிகிறது. உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர மற்ற இளைப்புக்கு ஸ்பேசர் நெபுலைசருக்குச் சளைத்ததல்ல என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்பேசர் வழியாக மருந்து பெற்ற குழந்தைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரமும் குறைவு, நாடித்துடிப்பு ஏறியதும் குறைவு. ஸ்பேசர் வீட்டில் இருந்தால், நடுராத்திரியில் பிள்ளைக்கு இளைக்கும்போது கரண்டும் வேண்டாம், மிஷின் இருக்கும் இடம் தேடி இருசக்கர வண்டியில் மழையில் ஓடவும் வேண்டாம்.

கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கம் சொருக வேண்டும். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் பதித்து, ஒரே ஒருமுறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு மூச்சு விடும்வரை பிடித்திருக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு முன் மறுபடி குலுக்க வேண்டும். பிள்ளை அழுகிறது என்று மாஸ்க்கை முகத்துக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்கிறார்களே, அது காற்றுக்குக் கொடுக்கும் மருந்து. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் அந்த முகாமில் ஒரு தாய்க்கும் யாரும் சொல்லவில்லை.

"பழகிடும்", "கடைசி வைத்தியம்", "ஸ்டீராய்டு" என்று இன்ஹேலருக்குப் பாட்டிமார் பயப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்களுக்கு விளக்கியதில்லை. இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. இளைப்பு திரும்பத் திரும்ப வரும் பிள்ளைக்கு மருத்துவர் தினமும் வைக்கச் சொல்லும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. இன்ஹேலருக்குப் பயந்து, இளைக்கும்போதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறார்களே, அந்த ப்ரெட்னிசொலோனும் ஸ்டீராய்டுதான், அதுவும் மில்லிகிராம் கணக்கில். தினசரி இன்ஹேலர் நீண்ட காலம் வைத்தால் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை. மருந்து வைத்ததும் வாயைக் கொப்பளித்து முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். எல்லா இருமலுக்கும் இன்ஹேலர் தேவை என்று நான் சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ உடனே 108.

பணம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. கேப் டவுனில் மருத்துவர் ஹெதர் ஜார் குழுவினர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தி ஸ்பேசராகப் பயன்படுத்தினார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்ததை 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். காலிப் பாட்டிலில் நடக்கிற காரியத்துக்கா நிதி ஒதுக்கீடு தடை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்ட 'கோல்ட்ரிஃப்' சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததைக் கண்டுபிடித்ததும் நம் மாநில ஆய்வகம்தான். அது சளி மருந்து, நான் பேசும் மருந்து வேறு. ஆனாலும் குழந்தைக்கு மூச்சு சரியில்லை என்றால் பாட்டிலைத் திறப்பதே வைத்தியம் என்ற பழக்கத்தை அதற்குப் பிறகாவது நாம் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தை 2021இல் தொடங்கியது நம் மாநில அரசு. அந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதே அரசு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக, குழந்தைக்கான மாஸ்க்கோடு கூடிய ஸ்பேசரை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தட்டுப்பாடில்லாமல் அனுப்ப வேண்டும். இன்ஹேலர் எழுதிக் கொடுக்கும் குழந்தையின் தாயை அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே செவிலியர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த மழைக்கால முகாமுக்கு முன் சுகாதாரத் துறை இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டும் எனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.