சுவருக்குள் ஒரு சீக்ரெட் ரிசர்வ்

பி.காம். படித்தவர்களுக்கு ‘சீக்ரெட் ரிசர்வ்’ ஞாபகம் இருக்கும். பாலன்ஸ் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும். கன்சீல்டு பைப்பும் அதே ஜாதிதான். என்ன, ரிசர்வ் கசிந்தால் யாரோ ஒருவர் கார் வாங்குவார். பைப் கசிந்தால் பெட்ரூம் சுவரில் பெயின்ட் கொப்பளிக்கும்.

அந்தக் காலத்து ஜி.ஐ. பைப் சுவருக்கு வெளியே, கிளாம்ப் போட்டு, பாம்பு மாதிரி ஓடும். அழகில்லைதான். ஆனால் யோக்கியமான பைப். எங்கே ஒழுகினாலும் மறைக்காது.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் மேட்டூர் தண்ணீர் குடிக்க, சமைக்க. குளிக்க, துவைக்க போர் தண்ணீர். ஊர் ஊராய் ரிக் லாரி அனுப்பும் திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கும்போது போருக்கு என்ன பஞ்சம்? அந்தத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் தாராளம். குழாயின் மூக்கில் வெள்ளைத் தாடி முளைக்கும். வாஷர் தேயும். அப்புறம் ராத்திரி பூரா ‘டொக்... டொக்...’

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல். அக்கவுண்ட்ஸ் புத்தியால் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டில் அதற்குக் கிடைத்த பதில், “கணக்கு போதும், பிளம்பரைக் கூப்பிடுங்க.”

வந்தவர் முதலில் சொன்னது எனக்குப் பிடித்தது. “மூக்குல சொட்டினா வாஷர் மாத்தினாப் போதுமுங்க சார். செவுத்தைத் தொடவே வேண்டாம்.” கழற்றிப் பார்த்தார். உள்ளே வாஷர் உட்காரும் இடமே அரித்துப் போயிருந்தது. முழுக் குழாயையும்தான் மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் வயிற்றில் புளி கரைந்தது. வாடகை வீடு. பத்து மாத அட்வான்ஸ் ஓனரிடம். டைல்ஸோ கடையில் டிசைனே நின்றுபோன ரகம். ஒன்று உடைந்தாலும் மொத்தச் சுவருக்கும் மாற்ற வேண்டியதுதான்.

இதில் என்ன கஷ்டம் என்றால், வெளியே ஓடும் பைப்பில் ஒரு ரெஞ்சால் பைப்பைப் பிடித்து, இன்னொன்றால் குழாயைத் திருப்பலாம். கன்சீல்டில் அந்த முதல் ரெஞ்சுக்கு இடமே இல்லை. நாம் கொடுக்கும் முறுக்கு முழுக்கச் சுவருக்குள் இருக்கும் எல்போவுக்குப் போகிறது. பழைய ஜி.ஐ. என்றால் துரு, பிளாஸ்டிக் எல்போ என்றால் உள்ளே பதித்த பித்தளை மரை தனியாகச் சுற்றிவிடும் அபாயம்.

“தொறக்கறதுக்கு முன்னால, இறுக்கற பக்கம் ஒரு துளி அசைக்கோணுமுங்க. புடிப்பு விட்டுரும்” என்றார். “ஸ்பிரிங்காட்டம் திரும்பி வந்துச்சுன்னா நிறுத்திரோணும். உள்ளார எல்போ முறுக்குதுன்னு அர்த்தம்.” பட்டதாரிகள் பேசும்போது ஒரு டயக்ராமாவது போடுவார்கள். இவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் காட்டினார், புரிந்துவிட்டது. மாடியில் கேட் வால்வை மூடியாச்சா என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை நானே ஏறிப் போய்ப் பார்த்தேன்.

கழன்று வந்தது அரை இஞ்ச் குழாய். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். பிளம்பிங்குக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த ‘அரை இஞ்ச்’ மரையை அளந்தால் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர்! இஞ்சுக்கு 14 சுற்று. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த மரையின் வம்சம். அவர் புண்ணியத்தில், எந்தக் கம்பெனி குழாய் வாங்கினாலும் அந்த எல்போவில் ஏறுகிறது.

டெஃப்லான் டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது உரிந்து வந்துவிடும். இன்னொரு சூட்சுமம்: குழாயின் மூக்கு நேராகக் கீழே வந்ததும் நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டுக் கொஞ்சம் தாண்டிவிட்டு, ‘சரி, பின்னால் வா’ என்று திருப்பினால் ஒழுகும். முழுக்கக் கழற்றி, புதுசாக டேப் சுற்றித்தான் மறுபடி. எல்போ டைல்ஸுக்குள் ஆழமாகப் போயிருந்தால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள். அது அளவு தாண்டினால் ஃபிளாஞ்ச் சுவரில் ஒட்டாமல் பல்லிளிக்கும்.

மாட்டியாயிற்று. ஃபிளாஞ்சைத் தள்ளி மூட விடவில்லை அவர். ஒரு துண்டு நியூஸ்பேப்பரை ஜாயின்ட்டில் சுற்றி, “காலைல பாருங்க. காஞ்சிருந்தாத்தான் எனக்குக் காசு” என்றார். இப்படி ஒரு வாரன்ட்டி நான் எந்த ஷோரூமிலும் பார்த்ததில்லை. காலையில் பேப்பர் மொறமொறவென்று இருந்தது. கூலியை வாங்கிக்கொண்டு போகும்போது, புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கு என்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னால், பக்கத்தில் டேப் பிடித்து, ஓடுகிற பைப்பை எல்லாம் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கணுமாம். எங்கள் ஓனரிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கிரகப்பிரவேச ஆல்பத்தை எடுத்துக் காட்டினார்.