நின்றுபோன கல்யாணமும் வாடகை அண்டாவும்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் வாடகை அண்டா, ஜமுக்காளம், சேர் எல்லாம் ஒழுங்காகக் கடைக்குத் திரும்பிவிடும். அதற்கென்றே ஒரு சித்தப்பா இருப்பார். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கல்யாணம் நின்றுபோனால்? சித்தப்பா உள்பட ஆளாளுக்குக் கோபமாகக் கிளம்பிவிடுவார்கள். அண்டா மண்டபத்திலேயே கிடக்கும்.

லினக்ஸ் கெர்னலில் பல 'மெமரி லீக்'குகள் இந்த ரகம்தான்.

பென் டிரைவைச் செருகுகிறீர்கள். ஃபைல் சிஸ்டம் புரோகிராம் முதலில் தன் குறிப்புகளுக்குக் கொஞ்சம் மெமரி வாங்கும். அப்புறம் ஃபைல் பெயர்களைப் படிக்க எழுத்து டேபிள். அப்புறம் ரூட் டைரக்டரிக்கு ஓர் 'ஐநோட்'. அந்தக் கட்டத்தில் 'அடடா, டிரைவ் கெட்டுப் போச்சு' என்று தெரிந்தால் ஒரு எர்ரர் நம்பரைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டும். அதுவரை வாங்கினதையெல்லாம் யார் திருப்பிக் கொடுப்பது?

சாதாரண புரோகிராம் மறந்தால் பரவாயில்லை. அது முடிந்ததும் கெர்னல் வந்து அதன் மெமரியைப் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலே மறந்தால், தட்டிக் கேட்க மேலே ஆளில்லை. ரீபூட் வரை போனது போனதுதான்.

'சில நூறு பைட்தானே சார்?' என்பீர்கள். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சர்வரில் அதே தவறு லட்சம் தடவை நடந்தால்? ஒரு நாள் ராத்திரி சர்வர் படுத்துவிடும். காரணம் யாருக்கும் புரியாது.

வைத்தியம் வேடிக்கையானது. 1968-ல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு மேதை, 'கோ டூ' கெடுதல் என்று ஒரு பிரபலமான கடிதம் எழுதினார். காலேஜில் நமக்கும் அதே உபதேசம்தான். கெர்னல்காரர்களின் எழுத்து விதிகளோ இந்த இடத்தில் தைரியமாக 'கோ டூ' போடச் சொல்கின்றன. ஃபங்ஷனின் கடைசியில் வரிசையாக லேபிள்கள். கடைசியாக வாங்கினதை முதலில் திருப்பு, முதலில் வாங்கினதைக் கடைசியில். எந்தப் படியில் சறுக்கினாலும் சரியான லேபிளுக்குத் தாவினால் போதும்.

கண்டுபிடிக்கவும் ஆள் உண்டு. 2009-ல் சேர்ந்த 'கேமெம்லீக்', ஆன் செய்து வைத்தால் பத்து நிமிஷத்துக்கொரு தடவை மெமரியைத் துழாவி, எந்த பாயின்ட்டரும் சொந்தம் கொண்டாடாத அநாதைத் துண்டுகளைக் காட்டிக் கொடுக்கும். வேண்டுமென்றே 'மெமரி இல்லை, போ' என்று கைவிரித்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. 2023-ல் வந்த 6.5 கெர்னலிலிருந்து, ஃபங்ஷனை விட்டு வெளியேறும்போது தானாகவே திருப்பிக் கொடுக்க ஓர் ஏற்பாடும் உண்டு.

இத்தனைக்கும் பல சமயம் ரிப்பேர் ஒரே வரிதான். 'ரிடர்ன்' என்று இருப்பதை அடித்துவிட்டு 'கோ டூ'. அதைச் செய்தவருக்கு மாலை மரியாதை கிடையாது. நேற்று ராத்திரி விழாத சர்வருக்கு யார் சார் நன்றி சொல்கிறார்கள்?