பீரோவுக்குள் அழியும் கல்யாணம்!

பழைய சி.டி.க்களைக் காப்பாற்ற இதுதான் சமயம்

பல வீடுகளில், பீரோவுக்குள் துணிமணிகளுக்கு அடியில் ஒரு பை இருக்கும். அதைத் திறந்தால் வட்ட வட்டமாகச் சி.டி. தகடுகள்!

மகளின் கல்யாணம். பேரனின் காதுகுத்து. தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அவற்றோடு, ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய சினிமாப் படங்கள்.

"எல்லாம் பத்திரமாக இருக்கின்றன" என்று வீட்டார் நினைக்கிறார்கள்.

பத்திரமாக இல்லை என்பதே உண்மை!

தகடும் கெடுகிறது, தகட்டைப் போட்டுப் பார்க்கும் மெஷினும் மறைகிறது. இரண்டில் எது முந்தினாலும் படம் போய்விடும். ஆகவே, வீட்டில் உள்ள தகடுகளைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைப்பது இனிமேல் பொழுதுபோக்கு வேலை அல்ல. வீட்டுப் பத்திரத்தைக் காப்பாற்றுவது போன்ற கடமை ஆகும்.

சாயம் போகும்!

ஒரு தகட்டின் குறுக்களவு 12 சென்டி மீட்டர். கனம் 1.2 மில்லி மீட்டர். பிளாஸ்டிக்கின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. மெஷினில் உள்ள லேசர் ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பும் ஒளியைக் கொண்டு மெஷின் படத்தையும் பாட்டையும் தருகிறது.

தகடுகளில் இரண்டு வகை உண்டு.

கடையில் விற்ற சினிமாத் தகடு, தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி எடுத்தது. அதில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அது ஓரளவு உறுதியானது.

கல்யாணத் தகடு அப்படி அல்ல. அதை வீடியோக்காரர் தமது கடையில் வைத்தே பதிவு செய்து கொடுத்தார். அதில் ஒரு சாயப்பூச்சு உண்டு. அந்தச் சாயத்தை லேசர் சுட்டுத்தான் படம் பதிகிறது. வெயிலும் சூடும் சாயத்தின் பகைவர்கள். சாயம் போன புடவையைக் கட்டிக்கொள்ளலாம். சாயம் போன தகட்டை எந்த மெஷினும் படிக்காது!

இன்னொரு சங்கதி. தகட்டின் பளபளக்கும் பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் சி.டி.யிலும் வி.சி.டி.யிலும் அதிக ஆபத்து மேல் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர் எழுதும் பக்கத்தின் பூச்சுக்கு அடியிலேயே உலோகப் படலம் இருக்கிறது. அங்கே பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் படத்தின் மேலேயே கீறியது போல் ஆகும். டி.வி.டி.யில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே படலம் இருப்பதால், அது சற்றுத் தப்பும்.

மெஷினும் போகிறது!

டி.வி.டி. முதன் முதலில் 1996-ம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. புளூ ரே 2006-ல் வந்தது. இந்தியாவில் மோசர் பேயர் கம்பெனி 2007-ம் ஆண்டு வாக்கில் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. சினிமா டிக்கெட் விலையில் படமே வீட்டுக்கு வந்தது. ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள்.

அந்தக் கம்பெனியை மூடி, சொத்தை விற்கும்படி 2018-ல் உத்தரவு ஆயிற்று.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ஆப்போ டிஜிட்டல் கம்பெனி 2018-ல் புளூ ரே மெஷின் செய்வதை நிறுத்தியது. அமெரிக்காவில் புது மெஷின்களைக் கொண்டு வருவதைச் சாம்சங் 2019-ல் கைவிட்டது. 1998-ல் இருந்து தபாலில் டி.வி.டி. அனுப்பி வந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அதை நிறுத்தியது. பதிவு செய்யும் புளூ ரே தகடு தயாரிப்பதைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

இன்று கடைக்குப் போய் மடிக் கம்ப்யூட்டர் வாங்கினால், அதில் தகடு போடும் வாயே இருப்பதில்லை!

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே!"

இப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை.

சினிமாப் படம் இன்டர்நெட்டில் கிடைக்கலாம். சொந்த அக்காளின் கல்யாணம் கிடைக்குமா?

1990-களில் எடுத்த கல்யாணங்கள் வீடியோ டேப்பில் இருந்தன. பிறகு பல குடும்பங்கள் அவற்றைச் சி.டி.க்கு மாற்றிவிட்டு, டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டன. இப்போது அந்தத் தகடு ஒன்றுதான் மிச்சம். அது போனால், நாதஸ்வர ஓசைக்கு நடுவே பாட்டி அழைத்த குரலும் போயிற்று!

சினிமாவிலும்கூட எல்லாம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ் பேசிய முதல் படமான "காளிதாஸ்" 1931-ல் வெளிவந்தது. டி.பி.ராஜலட்சுமி நடித்தார். ஊரே திரண்டு பார்த்த அந்தப் படத்துக்கு இன்று ஒரு பிரதி கூட இல்லை. புனாவில் 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீ விபத்தில், தேசிய திரைப்படக் காப்பகத்தின் பழைய படச் சுருள்கள் பல சாம்பலாகிவிட்டன.

இன்டர்நெட்டில் காசு கொடுத்து வாங்கினாலும் அது சொந்தம் ஆகிவிடுமா? 2023 டிசம்பரில் சோனி கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளேஸ்டேஷன் வாடிக்கையாளர்கள் விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அவர்கள் கணக்கில் இருந்து நீக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதமே கம்பெனி முடிவை மாற்றிக்கொண்டது. மாற்றாமல் இருந்திருந்தால்?

வாடகை வீட்டில் குடி இருப்பவரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். சொந்த வீட்டில் அது முடியாது. தகடு சொந்த வீடு. அதில் இருந்து எடுத்த பிரதியும் அப்படியே.

முதலில் எது?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பெரிய டெலிவிஷன் வாங்கியதும் பிடித்த சினிமாவை முதலில் பிரதி எடுக்கிறார்கள். கல்யாணத் தகடு "அப்புறம்" என்று ஒதுக்கப்படுகிறது.

இது தலைகீழ்!

உலகத்தில் ஒன்றே ஒன்று உள்ள தகடுதான் முதலில். அதிலும் வீடியோக் கடையில் பதிவு செய்த பழைய தகடு எல்லாவற்றுக்கும் முதல். அதன் பிறகு, இப்போது எங்கும் கிடைக்காத சினிமா. மறுபடி கடையிலோ இன்டர்நெட்டிலோ வாங்கக்கூடிய படங்கள் கடைசி.

எடுப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. வயரால் இணைக்கும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வேண்டும். புளூ ரே தகடு இருந்தால் அதற்கு உரிய டிரைவ் தனி.

தகட்டை முதலில் துடைக்க வேண்டும். மெல்லிய துணியால், நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைப்பதே சரி. சுற்றிச் சுற்றித் துடைத்தால், கீறல் விழுந்தால் அது படத்தின் வழியோடு நீளமாக ஓடும், மெஷின் திணறும்.

வி.சி.டி. எளிது. அதற்குள் "எம்பெக்ஏவி" என்ற அறை இருக்கும். அதில் உள்ள பெரிய பைலை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் போட்டால் போதும். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் அது ஓடும். ஒரு வி.சி.டி.யில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் பிடிக்கும். அதனால்தான் ஒரு சினிமா இரண்டு, மூன்று தகடுகளில் வந்தது.

டி.வி.டி.யில் ஒரு அடுக்குத் தகடு 4.7 கிகாபைட். இரண்டு அடுக்கு என்றால் 8.5. கல்யாண டி.வி.டி.க்குப் பூட்டு கிடையாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் அதைச் சுருக்கி, டெலிவிஷனில் ஓடும் பைலாக மாற்றித் தரும். சுருக்காத அசலையும் ஒரு பக்கம் வைத்திருப்பது நல்லது. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் ஒரு அடுக்கு டி.வி.டி. 200-க்கு மேல் அப்படியே அடங்கும்.

ஒரு டிரைவில் ஓடாத தகடு இன்னொரு டிரைவில் ஓடுவது உண்டு. முதல் முயற்சியில் ஓடவில்லை என்று தகட்டைக் குப்பையில் போடக்கூடாது!

பெரிய திரையில் முகம் உப்பலாமா?

வி.சி.டி. படத்தில் சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். டி.வி.டி.யில் 4 லட்சம். புளூ ரேயில் 20 லட்சம். புதிய 4கே டெலிவிஷன் திரையிலோ 80 லட்சத்துக்கு மேல்!

ஆகவே பழைய படம் பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். பைலைப் பெரிதாக்கினால் தெளிவு கூடிவிடாது. மாவு அதே அளவு இருக்க, தோசையைப் பெரிதாக இழுத்தால் மெல்லியதாகத்தான் ஆகும்.

பழைய படம் அகலம் குறைந்தது. அதைத் திரை முழுவதும் இழுத்துவிட்டால் மணப்பெண்ணின் முகம் உப்பிப் போகும். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும். முகம் முகமாக இருக்கட்டும்.

ஆட்கள் கை அசைக்கும்போது சீப்பின் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய முறைப்படி, ஒரு படத்தை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரு பாதியாகப் பிரித்துப் பதிவு செய்ததால் வருவது அது. பிரதி எடுக்கும்போது "டீ இன்டர்லேஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் பெரும்பாலும் மறையும்.

ஆறு ஒலிபெருக்கி வைத்து வீட்டிலேயே தியேட்டர் அமைத்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுருக்கும்போது பல சமயம் ஒலி இரண்டு வழியாகக் குறைந்துவிடும். அசல் ஒலியை அப்படியே வைக்கும்படி முன்பே குறிக்க வேண்டும்.

பென் டிரைவில் போட்டு டெலிவிஷனில் பார்க்கலாம். பழைய "பேட் 32" முறையில் உள்ள பென் டிரைவ் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. இடம் இருந்தும் ஏறவில்லை என்றால் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே! வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. ஆகவே அதைப் பிரதி எடுக்க யாரையும் கேட்க வேண்டியது இல்லை.

சினிமாத் தகடு வேறு விஷயம். அதில் பூட்டு உண்டு. நார்வே நாட்டில் ஜான் லெக் ஜோஹான்சன் என்ற இளைஞர், டி.வி.டி. பூட்டைத் திறக்கும் புரோகிராம் 1999-ல் வெளிவந்ததில் பங்கு கொண்டார். வழக்குத் தொடுத்தார்கள். 2003-ல் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அமெரிக்காவிலோ, 1998-ம் ஆண்டுச் சட்டப்படி பூட்டைத் திறப்பதே குற்றம். இங்கிலாந்தில், சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014-ல் அனுமதித்தார்கள். 2015-ல் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

இந்தியாவில் 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. பிறர் உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை அதே சட்டம் தனியாக ஒதுக்கி வைக்கிறது.

இதைச் சாமானியர் புரிந்துகொள்வது எப்படி? "காசு கொடுத்து வாங்கியவர், தமது வீட்டில் பார்க்க ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் சட்டம் சொல்ல வேண்டும். அதுவே நியாயம்.

அதற்காக, பிரதியை ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா? கூடாது! தகட்டை விற்றுவிட்டுப் பிரதியை வைத்துக்கொள்வதும் தவறு. திருட்டு வி.சி.டி.யால் தமிழ் சினிமா பட்ட பாடு கொஞ்சமா? தமிழ்நாட்டில் 2004-ல் அதைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டு வரவேண்டி வந்தது.

ஒரு பிரதி போதாது

ஹார்டு டிஸ்க்கும் ஒரு நாள் நின்று போகும். ஆகவே இரண்டு டிஸ்க்கில் வைக்க வேண்டும். ஒன்று சொந்த வீட்டில். மற்றொன்று மகள் வீட்டிலோ, தம்பி வீட்டிலோ. வெள்ளம், தீ, திருட்டு என்று எது வந்தாலும் ஒன்று தப்பும். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். தகடுகளையும் எறிய வேண்டாம். உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வைக்கலாம்.

கடைசியாக, எந்த மெஷினும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது.

கல்யாணப் படத்தில் நூறு பேர் வருவார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் யார்? மணவறைக்குப் பக்கத்தில் குழந்தையோடு நிற்கும் அம்மாள் யார்? வீட்டில் உள்ள பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, பெயரையும் முறையையும் கேட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். தகட்டுக்காவது இன்னும் சில ஆண்டு ஆயுள் இருக்கலாம். எண்பது வயதுப் பாட்டியைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் பிரதி எடுக்கட்டும். பாட்டி பெயர் சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தகடு போதும். பீரோவில் உள்ள பை ஆறு மாதத்தில் காலி ஆகிவிடும்.