ஆர்வம் வந்தால் தண்ணீர் வந்துவிடுமா?

அண்மையில் மட்டக்களப்பு நகரில் நடந்த ஒரு பாராட்டு விழாவில், சுகாதார மேம்பாட்டுப் பாடசாலைகளைப் பற்றி ஓர் அதிகாரி பேசினார். "அதிபருக்கு ஆர்வம் இருந்தால் எந்தப் பாடசாலையும் இந்த மேடைக்கு வரலாம். படுவான்கரைப் பக்கம் அந்த ஆர்வத்தைத்தான் காணோம்" என்றார். மண்டபம் கைதட்டியது. மட்டக்களப்பு வாவியைத் தாண்டி, மேற்குக் கரையான அந்தப் படுவான்கரைக்கு நாள்தோறும் படிப்பிக்கப் போய்வருகிற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து தட்டினார்கள். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

இந்தப் பேச்சை எங்கும் கேட்கலாம். வலயக் கல்வி அலுவலகத்துப் படியிலும், பெற்றோர் கூட்டத்திலும், பத்திரிகையின் கல்விப் பக்கத்திலும் ஆர்வம், ஆர்வம், ஆர்வம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஆர்வம் குழாயில் தண்ணீர் விடுமா?

படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலை எனக்குத் தெரியும். வகுப்பறைச் சுவர் முழுக்கக் கை கழுவும் முறை படிப்படியாக வரையப்பட்டிருக்கிறது. அந்தப் படங்களை வரைந்தவர் அதிபரே. முற்றத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கட்டித்தந்த கை கழுவும் தொட்டி, வரிசையாகக் குழாய்கள், மேலே நிறுவனத்தின் சின்னம். ஆனி, ஆடியில் கிணறு வற்றிவிடும். அப்போது அந்தக் குழாய்களைத் திறந்தால் காற்றுத்தான் வரும். பிரதேச சபையின் பவுசர் வந்தால் குடிக்கத் தண்ணீர், வராவிட்டால் அதிபர் தன் மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் போகிறார். இந்த மனிதருக்கா ஆர்வம் இல்லை?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பு நகரத்தவர் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உன்னிச்சைக் குளத்திலிருந்து. உன்னிச்சை இருப்பது படுவான்கரையில். அந்தத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போகிறது. வறட்சி வந்தால், குளத்துக்குச் சொந்தக்காரரான கிராமங்கள் பல பவுசருக்காக வீதியில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருக்கின்றன. அவர்களின் தண்ணீரில் கை கழுவிவிட்டு மேடையேறி, அவர்களுக்குச் சுத்தத்தில் ஆர்வம் இல்லை என்கிறோம். இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

தண்ணீரை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். 2007இல் கல்வி அமைச்சு பாடசாலைச் சுகாதார மேம்பாட்டுக்கான சுற்றுநிருபத்தை வெளியிட்டது. குழு அமை, பிள்ளைகளின் பிரச்சினைகளை இனங்காண், திட்டம் போடு, பெற்றோரைச் சேர் என்று எல்லாமே நல்ல வார்த்தைகள். அந்தக் குழு எப்போது கூடுவது? நகரத்திலிருந்து வரும் ஆசிரியர் ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மண்டூரில் படிப்பிப்பவர் குருமண்வெளித் துறைக்குப் போகும் பாதைப் படகைப் பிடிக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் பயணம் சுலபமானது உண்மை. அது யாருடைய ஆர்வத்தால் நடந்தது? கொங்கிறீற்றாலும் இரும்பாலும் நடந்தது. மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வர முடியாது. யானை இறங்குகிற கிராமத்தில் பிள்ளைகளைப் பொழுதுபடும்வரை சுகாதாரக் கழகத்துக்கு மறித்து வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய மாநாடு வெளியிட்ட பிரகடனம்தான் இன்றைய சுகாதார மேம்பாட்டுக்கு அடித்தளம் போட்டது. அந்தப் பிரகடனம் சுகாதாரத்துக்கு முன்நிபந்தனைகளாகச் சமாதானம், உறைவிடம், கல்வி, உணவு, வருமானம், சமூகநீதி முதலானவற்றைச் சொல்கிறது. ஆர்வம் அந்தப் பட்டியலில் இல்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து சுகாதார மேம்பாட்டுப் பாடசாலைகளுக்கு 8 தரநியமங்களை வெளியிட்டன. முதலாவது, அரசாங்கத்தின் கொள்கையும் வளமும். பாடசாலைத் தலைமைத்துவம் அதற்குப் பிறகுதான் வருகிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முதலாவதை வாசிக்காமலே அதிபரின் காதைத் திருகுகிறார்கள்.

பாராட்டுப் பெறும் நகரப் பாடசாலைகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கம். மலசலகூடம் உடைந்தால் ஒரு மாதத்தில் பணம் வந்துவிடும். படுவான்கரைப் பாடசாலையின் பழைய மாணவி கட்டாரில் யாரோ ஒருவரின் வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள். அவள் அனுப்புகிற காசு தன் பிள்ளையின் சோற்றுக்கும் கடனுக்கும் போகிறது. இரண்டு பாடசாலையையும் ஒரே புள்ளித்தாளில் அளந்து ஒன்றுக்கு ஆர்வம் உண்டு, மற்றதற்கு இல்லை என்று எழுதுகிற பேனாவை என்ன செய்வது?

புள்ளித்தாள் என்றதும் கோவைகள் நினைவுக்கு வருகின்றன. மதிப்பீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் புகைப்படம் எடுக்க ஓட வேண்டும், அதைக் கோவையில் ஒட்ட வேண்டும், கூட்ட அறிக்கை எழுத வேண்டும். நாலைந்து ஆசிரியர்கள் உள்ள பாடசாலையில் இதைச் செய்யும் ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கப் புதிதாக வருகிறவர் வந்த மறுநாளே நகரத்துக்கு இடமாற்றம் கேட்கிறார், கேட்டவருக்கு யாரோ ஒருவர் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். அந்தக் கையெழுத்துக்காரரின் ஆர்வத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வெட்டுப்புள்ளி வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் பாடசாலை வாசலில் பதாகையாகத் தொங்குகிறது. பூச்சி மருந்து கொடுத்ததற்கோ, இரத்தச்சோகை குறைந்ததற்கோ, பெண்பிள்ளைகள் மாதம் முழுக்கப் பாடசாலைக்கு வந்ததற்கோ யாராவது பதாகை கட்டியிருக்கிறார்களா? வலயக் கூட்டங்களில் அதிபரை நிறுத்தி வைத்துக் கேட்பது சித்தி வீதத்தை. அந்த அதிபர் எதற்கு ஓடுவார்? நாம் கேட்கிறதற்குத்தான் ஓடுவார்.

பெண்பிள்ளைகளின் விடயத்தைச் சொன்னால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. 2024இல் மாணவியருக்குச் சுகாதாரத் துவாய் வாங்க அரசாங்கம் வவுச்சர் கொடுத்தது, நல்லது. அதை மாற்ற மலசலகூடத்தில் தண்ணீர் வேண்டாமா? தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அந்த நாட்களில் வரவே மாட்டார்கள். வரவு இடாப்பில் அது வெறும் சிவப்புக் கோடு. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோருக்கும் ஆர்வம் இல்லை என்று ஒரு வரி எழுதப்படுகிறது. மீண்டும் அதே சொல்!

அடுத்த விழாவுக்கு முன் வலய அலுவலகமும் நீர் வழங்கல் சபையும் சேர்ந்து ஒரு பட்டியலை வெளியிடட்டும். மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் எந்தெந்தப் பாடசாலைக்குக் குழாய் நீர் இணைப்பு உண்டு, எதற்கு இல்லை, இல்லாததற்கு எந்தத் திகதியில் கிடைக்கும் என்று பாடசாலையின் பெயரோடு போடட்டும். அந்தத் திகதிக்குப் பிறகும் தொட்டி காய்ந்து கிடந்தால் அப்போது அதிபரைக் கேளுங்கள்.