ரேசருக்கு 300 வெள்ளியா?



சம்பளம் வாங்கிய கையோடு ஒரு தம்பி பளபளவென்று உலோக ரேசரைக் கொண்டுவந்து காட்டினார். விலை 300 வெள்ளி. "டிரசர் ஐயா, நல்லதுதானே?" என்றார். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி!

நல்லதுதான், ஆனால் தேவையில்லை. முகத்தை வழிப்பது பிடியல்ல, பிளேடு. இரண்டு பக்கமும் கூரான அந்தப் பிளேடு சாதாரண ரேசரிலும் அப்படியே பொருந்தும்.

என் கவலை வேறு. விலை கூடிய ரேசர் வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். அப்பா, மகன், மச்சான் எல்லாரும் அதே பிளேட்டாலேயே வழிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருந்தாலும் போதும், ஈரலைக் கெடுக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி, சி தொற்றலாம். பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி வந்தது 1989-ல்தான். சி-க்கு இன்னும் ஊசியே இல்லை.

அந்தக் காசில் ஆளுக்கொரு சாதாரண ரேசரும் ஒரு பெட்டி பிளேடும் வாங்குங்கள். சோப்பு நன்றாகப் போட்டு, முடி வளர்ந்த பக்கமாகவே மெதுவாக வழியுங்கள். பழைய பிளேடை மூடியுள்ள டின்னில் போடுங்கள். குப்பை அள்ளுகிறவரும் நம்ம ஆள்தானே!