மழலையின் கேள்வியும் நமது மௌனமும்



ஞாயிறு திருப்பலியிலே எழுந்தேற்ற வேளை. ஆலயமெங்கும் அமைதி. முன்வரிசையில் தாயோடு முழந்தாளிட்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன் எல்லோர் காதிலும் விழும்படி, "அம்மா, ஏன் சுவாமிக்கு மட்டும் பெரிய அப்பம்?" என்று கேட்டுவிட்டான். சிரிப்பை அடக்கப் பீடப் பணியாளர் பட்ட பாட்டை நான் பீடத்தில் நின்றவாறே உணர்ந்தேன். தாயோ வெட்கித்துப் போய்ப் பிள்ளையின் தொடையில் கிள்ளினாள். (அவ்வேளையில் அதனை அப்பம் என்பது இறையியற்படி பிழைதான். அதனைத் திருத்தப் பின்னர் காலமுண்டு.)

அவன் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. குருவின் கையிலுள்ள அப்பம் பெரிதாயிருப்பது பிட்கப்படுவதற்காகவே. அதன் துண்டுகளுள் சிலவற்றையேனும் மக்கள் சிலருக்குப் பகிர்ந்தளிக்கக் கூடியதாய் இருக்க வேண்டுமென உரோமைத் திருப்பலி நூலின் பொது அறிவுரை கூறுகிறது. குருமடத்தில் இதைப் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆயினும் அந்த ஞாயிறுவரை முழுவதையும் நானே உட்கொண்டு வந்தேன். மேற்றிராணியாரோ பேராசிரியரோ என்னிடம் கேட்காததை அச்சிறுவன் கேட்டான். அடுத்த ஞாயிறு முதல் பிட்டுப் பகிரத் தொடங்கினேன். திருப்பலி முடிந்ததும் அவன் ஓடி வந்து, "உடைக்கிறதுக்குத்தானே பெரிசு?" என்றான். அவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நம் இல்லங்களில் இத்தகைய கேள்விகளுக்கு என்ன நேருகின்றது? ஒன்று, 'உஷ்' என்று அடக்குகிறோம், அல்லது சிரிக்கிறோம். சிரிப்பது குற்றமென்று சொல்ல வரவில்லை. வீடு தரிசிக்கச் செல்லும்போது, "சுவாமிக்கு அதை ஒருக்காச் சொல்லிக் காட்டு, பிள்ளை" என்று பெற்றோர் தூண்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இப்போது கைத்தொலைபேசியும் அருகிலேயே ஆயத்தமாக இருக்கிறது. குழந்தை மறுபடி சொல்கிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். ஆனால் முதன்முறை கேட்டபோது அது விடை தேடியது. இரண்டாம் முறை கைதட்டலை மட்டுமே தேடுகிறது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தமுண்டு.

விடுதலைப் பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாஸ்காவை ஏற்படுத்தும்போதே, இவ்வழிபாட்டின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பெற்றோர் விடை சொல்ல வேண்டும் எனக் கட்டளை தரப்படுகிறது. பிள்ளையின் கேள்வி இங்கே வழிபாட்டுக்கு இடையூறன்று, அதன் ஒரு பகுதி. பாஸ்கா இரவில் யூத இல்லங்களில் வழக்கமாக இளைய பிள்ளையே இன்றும் கேள்வி கேட்கின்றது. நாமோ மறைக்கல்வி ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஆறுதலடைகிறோம். பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர்கள் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தும்!

"எங்களுக்கே விடை தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது, சுவாமி?" என நீங்கள் வினவலாம். நியாயமான கேள்வி. பலிக்குரிய செம்மறி எங்கே என்று ஈசாக்கு கேட்டபோது ஆபிரகாமிடமும் ஆயத்தமான விடை இருக்கவில்லை. ஆயினும் மகனை அவர் அதட்டவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற, தம்மிடமிருந்த ஒரேயொரு சொல்லைக் கொடுத்தார்.

வன்னியில் பணியாற்றிய காலத்தில், கார்த்திகை மாத மாலையொன்றில், ஒரு வீட்டில் செபமாலை சொல்லி முடித்தோம். வழக்கம்போல் அப்பம்மா முதலில் உயிரோடுள்ளவர்களின் பெயர்களையும், பின்னர் இறந்தவர்களின் பெயர்களையும் சொல்லி வேண்டினார். ஆறு வயதுப் பேத்தி இடைமறித்தாள்.

"அப்பம்மா, சித்தப்பாவை எதில சொல்லுறது?"

சித்தப்பா 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் காணாமற் போனவர். அவள் அவரைக் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரிலுள்ள படமே. அதற்கு மாலை இல்லை. தகப்பன் தலை குனிந்தார். தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பம்மா மாத்திரம் அவளை அருகில் அழைத்தார்.

"ரெண்டிலயும் சொல்லுறதில்லை, பிள்ளை. நான் மனசுக்குள்ள தனியச் சொல்லுறன். இனி நீயும் என்னோட சேந்து சொல்லு."

இருவருமாக அப்பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். தகப்பனின் குரலும் சற்றுப் பிந்திச் சேர்ந்துகொண்டது. அவர் அப்பெயரைச் செபத்தில் உச்சரித்து ஆண்டுகள் பல ஆயிற்று எனப் பின்னர் முற்றத்தில் வைத்து என்னிடம் கூறினார்.

புறப்படும்போது சிறுமி படலைவரை வந்து, "சுவாமி, நீங்களும் தனியச் சொல்லுவீங்களா?" என்றாள். சொல்வேன் என்றேன். உரோமை நற்கருணை மன்றாட்டிலே வாழ்வோரை நினைவுகூரும் இடம் முன்னே வருகின்றது. இறந்தோருக்குரியது பின்னே வருகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, எழுந்தேற்ற வேளையில், அப்பெயரை மனத்துக்குள் சொல்லி வருகிறேன்.